சுரங்கமா, கால்வாய்க் கரையா?

கேள்வி: மரம் செடி பக்கம் போனால் மனசு லேசாகும் என்பது என் பாட்டிக்கே தெரியும். இதற்கெல்லாமா சார் ஆராய்ச்சி?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: பாட்டிக்குத் தெரியும். பேரனுக்கு ஏன் உறைக்கவில்லை என்பதுதான் ஆராய்ச்சியே!

கனடாவின் ஒட்டாவாவில் கார்ல்டன் பல்கலைக்கழகம். அங்கே அடிக்கிற குளிருக்குக் கட்டடம் விட்டுக் கட்டடம் போகத் தரைக்கடியில் சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். எலிசபெத் நிஸ்பெட், ஜான் ஜெலென்ஸ்கி என்ற உளவியலாளர்கள் சிலரை அந்தச் சுரங்கத்திலும், சிலரை ரீடோ கால்வாய்ப் பக்கமும் நடக்கவிட்டார்கள். கால் மணி நேரச் சொச்சம்தான். நடைக்கு எவ்வளவு சந்தோஷம் தேறும் என்று கணிக்கவும் சொன்னார்கள். வெளியே நடந்தவர்கள் உற்சாகமாகத் திரும்பினார்கள். ஆனால் கணிப்பில் கால்வாய்க்கு விழுந்த மார்க் படு கஞ்சம். 2011இல் வெளியான ஆய்வு இது. பக்கத்திலேயே இருக்கிற பூங்காவுக்கு நாம் போகாமல் இருப்பது சோம்பலால் மட்டுமல்ல, 'அங்கே என்ன பெரிசா இருக்கு?' என்கிற தப்புக் கணக்காலும்தான்.

சுபாவத்துக்கும் இதே கதை. ஜெலென்ஸ்கியும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒதுங்கியே இருப்பவர்களைக் கலகலப்பாகப் பழகச் சொன்னார்கள். 'ஐயோ, சங்கடம்' என்று பயந்தவர்களுக்கு, பழகிப் பார்த்தபோது நினைத்ததைவிட நன்றாகவே இருந்ததாம்.

கூச்சக்காரர்கள் முதலில் வேப்பமரத்தோடு பேசிப் பழகலாம். 'சம்பளம் எவ்வளவு, எப்போ கல்யாணம்?' என்று அது கேட்காது.