ஜெயித்தால் நம்ம பையன்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் நெடுஞ்சாலையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அதில் எந்தக் கல்லூரிக்காவது ஒரு கோப்பை வந்துவிட்டால் போதும், வாசலில் ஃபிளெக்ஸ் முளைத்துவிடும். நிறுவனத் தலைவர் ஆளுயரத்துக்கு மேல் கைகூப்பி நிற்பார். பக்கத்தில் தாளாளர். அவருக்குப் பக்கத்தில் தாளாளரின் மகன். பந்தைத் தொட்டதில்லை, ஆனால் சிரிப்பைப் பார்த்தால் கடைசி பாயின்ட்டை அவர்தான் அடித்திருக்க வேண்டும். எல்லோருக்கும் கீழே, ஸ்டாம்ப் அளவில், வரிசையாகப் பன்னிரண்டு முகங்கள். பெயரைப் படிக்க வேண்டுமென்றால் பைக்கை நிறுத்த வேண்டும். அவர்கள்தான் விளையாடியவர்கள்.

அந்தப் பன்னிரண்டு முகமும் அதோடு ஓய்வதில்லை. சேர்க்கைக் காலத்தில் கல்லூரிக் கையேட்டில் வரும். கல்லூரிப் பேருந்தின் முதுகில் வரும். லோக்கல் கேபிளில், இன்ஸ்டாகிராம் ரீலில் வரும். இதையே விளம்பரக் கம்பெனியிடம் கொடுத்திருந்தால் பில் லட்சங்களில் வந்திருக்கும். பையன்களிடம் கொடுத்ததால் மலிவாக முடிந்தது. ஃப்ரீ சீட், ஹாஸ்டல், மெஸ் சாப்பாடு, வருஷத்துக்கு இரண்டு ஜெர்சி. முட்டை தனி. அது பி.டி. சார் ஆபீஸில் சண்டை போட்டு வாங்கித் தந்தது.

“எல்லாம் இலவசமாத்தானே தர்றோம்?” என்பார்கள். எது இலவசம்? விடிவதற்குள் மைதானத்தில் நிற்க வேண்டும். சாயங்காலம் இருட்டும்வரை மறுபடியும் மைதானம். நடுவில் வகுப்பு, வகுப்பில் தூக்கம். சீசனில் ஓ.டி., சீசன் முடிந்தால் அரியர். ஒரு நாள் வராவிட்டால் பி.டி. சாரிடமிருந்து போன் வரும். ஒரு சீசன் விளையாடாவிட்டால் ஆபீஸிலிருந்து வரும்: “இதுவரைக்கும் உள்ள ஃபீஸைக் கட்டிட்டு ஒரிஜினல்ஸை வாங்கிட்டுப் போப்பா.” நேரத்தைக் குறிப்பது அவர்கள். வேலையைச் சொல்வது அவர்கள். நிறுத்தினால் வசூலிப்பதும் அவர்களே. கேட்டால் இது வேலையே இல்லையாம், ஊக்குவிப்பாம்.

இந்த வித்தை நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 1955-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கல்லூரிக்காகக் கால்பந்து ஆடிய ஒருவர் தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லையாம். நல்லது. அப்படி வியாபாரமே செய்யாத நாட்டில்தான், இன்றைக்குப் பல மாநிலங்களில், அரசிடம் அதிகபட்ச சம்பளம் வாங்குகிறவர் யார் என்று பார்த்தால் ஆளுநர் இல்லை, அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர். பந்தை உதைக்கச் சொல்கிறவருக்குக் கோடி. உதைக்கிறவனுக்குக் கல்வி என்னும் அழியாச் செல்வம்.

எழுபது வருஷம் இழுத்துப் பார்த்தார்கள். 2021-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்குச் சைபர் என்று கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலையில் குட்டியது. 2025 ஜூனில் ஒரு சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதன்படி ஒவ்வொரு கல்லூரியும் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம்; முதல் கல்வியாண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. கூரை இடிந்து விழவில்லை. வகுப்புகளும் நடக்கின்றன.

நமக்கு இன்னும் நெருக்கமான சங்கதி அதே அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியுடையது. அங்கே கூடைப்பந்து ஆடும் பையன்களை ஊழியர்கள் என்று 2024 பிப்ரவரியில் தொழிலாளர் வாரிய அதிகாரி ஒருவர் அறிவித்தார். சம்பளமே வாங்காதவன் எப்படி ஊழியன் என்று கல்லூரி கேட்டது. கொடுத்த ஷூ, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கூலிக் கணக்கில்தான் வரும் என்றார் அவர். மார்ச்சில் வாக்கெடுப்பு. தொழிற்சங்கம் வேண்டும் என்று 13 பேர், வேண்டாம் என்று இரண்டு பேர். கல்லூரி பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. அமெரிக்காவில் ஆட்சி மாறப்போகிறது, வாரியமும் மாறும் என்று தெரிந்ததும், ஆண்டின் கடைசி நாளில் தொழிற்சங்கம் மனுவைத் திரும்பப் பெற்றது. அந்த அதிகாரியின் கணக்கை நம் நெடுஞ்சாலைக்குக் கொண்டுவாருங்கள். ஃப்ரீ சீட்டும் மெஸ் சாப்பாடும் என்ன கணக்கில் வரும்?

“அங்கே டிவி பணம் கொட்டுது, இங்கே யாரு பாக்குறா?” இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. நம் மண்டலப் போட்டிகளை எந்தச் சேனலும் காட்டுவதில்லை. பார்வையாளர் வரிசையில் அடுத்த மேட்ச் ஆட வந்த பையன்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் இங்கே டிக்கெட் சேர்க்கை கவுன்ட்டரில் கிழிகிறது. கோப்பையை விற்பதில்லை; கோப்பையைக் காட்டி சீட்டை விற்கிறோம். கோடி கொடு என்று யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் என்று ஒரு தாள், மாதம் ஒரு தொகை, முட்டி போனால் வைத்தியச் செலவுக்கு ஒரு காப்பீடு. இவ்வளவுதான் கேள்வி. இதற்கே “விளையாட்டின் புனிதம் கெட்டுவிடும்” என்கிறார்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் ரசீது இல்லாமல் பணம் வாங்கும்போது கெடாத புனிதம்.

முட்டி என்றதும் ஒரு மரணம் நினைவுக்கு வந்தே தீரும். 2022 நவம்பர். வியாசர்பாடிப் பெண். ராணி மேரிக் கல்லூரியில் முதலாண்டு. கால்பந்து வீராங்கனை. மூட்டுச் சவ்வுக்கு அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அது தவறாகிக் காலை எடுத்தார்கள். பிறகு உயிரே போயிற்று. வயது பதினேழு. டாக்டர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். சிகிச்சைதான் குற்றவாளி, அதில் சந்தேகமில்லை. குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் தந்தது, வீடு ஒதுக்கியது, சகோதரருக்கு வேலை தந்தது. தந்தவரைக்கும் சரி. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வேலை வருவதற்கு அவள் காலும் உயிரும் போக வேண்டியிருந்தது.

விளையாடுகிறவனை ஊழியனாக்குவது நமக்கு ஒன்றும் தெரியாத சமாச்சாரம் இல்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்குக் கூடைப்பந்து அணி உண்டு. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, தமிழ்நாடு காவல்துறை எல்லாம் வீரர்களை வேலைக்கு எடுத்துச் சம்பளம் கொடுத்தே ஆடவைத்தன. தோனி கரக்பூரில் ரயில் டிக்கெட் பார்த்தார். பிறகு இந்தியா சிமென்ட்ஸில் துணைத் தலைவரானார். எத்தனை மூட்டை எண்ணினார் என்று யாராவது கேட்டோமா? புனிதம் அப்போதெல்லாம் லீவில் இருந்தது. இருபத்துமூன்று வயதில் வங்கி கொடுத்தால் சம்பளம். இருபது வயதில் கல்லூரி கொடுத்தால் சீரழிவு.

அரசு வேலையில் 3 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 500 இடம் இருக்கிறது. இருக்கட்டும். அதில் நுழைந்தவன் பெயர் பேப்பரில் வரும். நுழையாதவன் எங்கே போனான்?

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குக் காலையில் போங்கள். சென்ட்ரலிலிருந்து வரும் மின்சார ரயில் கொட்டும் கூட்டத்தில் அவன் இருப்பான். வெளியே மின்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும்: ஐ.டி.ஐ., டிப்ளமோ, டிகிரி ஆட்கள் தேவை, உணவு இலவசம், தங்குமிடம் இலவசம், அணுகவும். நாலு வருஷத்துக்கு முன்னால் கல்லூரி சொன்ன அதே வாசகம். ஆள் மாறவில்லை, மெஸ்தான் மாறியது. இரும்பு உருக்குகிற ஆலையோ உதிரிபாகம் செய்கிற ஆலையோ, எங்கே போனாலும் அவன் ட்ரெய்னி. லைனில் பக்கத்தில் நிற்கும் பெர்மனன்ட் ஆள் எந்த பீஸைப் போடுகிறாரோ அதையேதான் போடுவான். டார்கெட் ஒன்று. பே ஸ்லிப் வேறு.

இதற்குச் சட்டமும் துணை. 1961-ஆம் வருஷத்து அப்ரெண்டிஸ் சட்டம் 18-ஆம் பிரிவில் ஒரே போடாகப் போடுகிறது: இவன் பயிற்சி பெறுகிறவன், தொழிலாளி அல்ல, தொழிலாளர் சட்டங்கள் இவனுக்குப் பொருந்தாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அவனை வாசலுக்கு வெளியேதான் நிறுத்தியிருக்கின்றன. தமிழ்நாட்டில் 1981-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். அழகான சட்டம். தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால்தான் நாட்களையே எண்ணத் தொடங்கும்.

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், இந்த அப்ரெண்டிஸ் நிலைமைகூடக் கல்லூரி வீரனுக்கு இல்லை. அப்ரெண்டிஸுக்கு ஒப்பந்தம் உண்டு. 2019 விதிப்படி பட்டதாரி என்றால் மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உண்டு. 16-ஆம் பிரிவின்படி, விபத்தில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். “நீ தொழிலாளி இல்லை” என்று சட்டமே முகத்துக்கு நேரே சொன்னவனுக்குக்கூட உடைந்த கைக்கு ஒரு விலை எழுதி வைத்திருக்கிறது. கல்லூரிக்காகப் பாய்ந்து விழுந்து தோள்பட்டை நழுவியவனுக்கு என்ன எழுதியிருக்கிறது? பி.டி. சார் பையிலிருக்கும் ஸ்பிரே.

கம்பெனிகளிலும் ஆண்டுவிழா வரும். கம்பெனிகளுக்கிடையே வாலிபால் வரும். அப்போது ஹெச்.ஆருக்கு அவன் பழைய சர்ட்டிஃபிகேட் நினைவுக்கு வரும். “நீதாம்ப்பா யூனிவர்சிட்டி பிளேயர், நம்ம கம்பெனிக்கு ஆடு” என்பார். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் போய் ஆடுவான். ஜெயிப்பான். மேனேஜர் தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொள்வார். மாசக் கடைசியில் அவன் பயிற்சிக் காலம் முடியும். கேட் பாஸை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவான். ரிசப்ஷன் கண்ணாடி அலமாரியில் கோப்பை இருக்கும். அந்தக் கம்பெனியில் 480 நாள் கணக்குப் பார்க்காமல் நிரந்தரமானது அது ஒன்றுதான்.