கவிழ்கலம் காண்போர் கையிலக்கணம்

யானைக்கும் குதிரைக்கும் இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள். பல்லி விழும் பலனுக்குப் பஞ்சாங்கத்தில் தனிப்பக்கமே உண்டு. கவிழ்ந்த கப்பலைக் கரையில் நின்று வாய்பிளந்து பார்க்கும் மனிதனுக்கு மட்டும் ஒரு நூற்பாவும் இல்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இச்சிறுநூல்.

எடுத்துக்கொண்ட கலம் கோஸ்டா கான்கார்டியா. 290 மீட்டர் நீளமுள்ள உல்லாசக் கப்பல். 2012 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே முக்கால் மணி வாக்கில், இத்தாலியின் டஸ்கனிக் கரைக்கு அப்பாலுள்ள ஜீலியோ தீவை ஒட்டிப் போனபோது லெ ஸ்கோலே என்னும் பாறைகளில் இடித்து, வயிறு கிழிந்து, தீவின் ஓரத்திலேயே சாய்ந்து படுத்தது. உள்ளே இருந்தவர்கள் 4,229 பேர். இறந்தவர்கள் 32 பேர்.

அவ்வளவு கிட்டப் போனது என்னை எனின், வணக்கம் சொல்ல. கரையோரமாக வந்து தலைகாட்டிச் செல்லும் இவ்வழக்கத்துக்கு இத்தாலியர் இட்ட பெயர் இன்கீனோ, அதாவது குனிந்து வணங்குதல். கப்பலுக்குக் கை கிடையாது. உடம்பாலேயே கும்பிட வேண்டியதாயிற்று. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் அதிர்ஷ்டம் என்பது நம் பழமொழி. அது நிலத்துக்குச் சொன்னது போலும்.

இனி வகை. காண்போரைக் கண்ணால் வகுக்க முயல்வது வீண். மாலுமியின் கண்ணும் திருடனின் கண்ணும் கப்பல் முன்னே ஒரே அளவில்தான் விரிகின்றன. நாட்டால் வகுப்பதும் பொருந்தாது. வயதால் வகுத்தால் எல்லாரும் ஆறு வயதினர். ஆகவே, பார்க்கும்போது கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் கொண்டே இந்நூல் வகுக்கிறது. கண்ணிற் பிரியார் கையிற் பிரிவர் என்று சூத்திரமாகவும் கொள்ளலாம்.

முதலில் கைகொடுத்தோர். தீவின் மொத்த மக்கள்தொகை 1,500-ஐ எட்டாது. அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆட்கள் ஒரே குளிர்கால இரவில் நனைந்து நடுங்கியபடி துறையில் வந்திறங்கினார்கள். ஊர்க்காரர்கள் வீடுகளையும் கோயிலையும் திறந்துவிட்டார்கள், போர்வைகளைக் கொண்டுவந்தார்கள். இவர்களைக் காண்போர் என்று சொல்வதே பிழை; அன்றிரவு கப்பலை நின்று பார்க்க இவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. பின்னர் இரண்டரை ஆண்டுகள் காலையில் ஜன்னலைத் திறந்தபோதெல்லாம் அதையே பார்த்தார்கள்.

அடுத்து கைவிட்டோர். இதில் உறுப்பினர் சிலரே, ஆனால் புகழ் பெரிது. கப்பலில் ஆட்கள் மிச்சமிருக்கும்போதே கேப்டன் பிரான்செஸ்கோ ஸ்கெத்தினோ படகேறிவிட்டார். தடுக்கி விழுந்த இடம் உயிர்காப்புப் படகாக இருந்தது என்பது அவர் தரப்பு விளக்கம். லிவோர்னோவிலிருந்து தொலைபேசியில் பேசிய கடலோரக் காவல் அதிகாரி கிரெகோரியோ தெ ஃபால்கோ, திரும்பக் கப்பலில் ஏறு என்று அச்சிடத் தகாத ஒரு சொல்லையும் சேர்த்து அதட்டினார். அச்சிடத் தகாத அச்சொல்லோடு அந்த வாக்கியம் சில நாளிலேயே டி-சர்ட்டில் அச்சாகி விற்றது. கேப்டனுக்கு 2015-இல் 16 ஆண்டுச் சிறை. 2017-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கைவிட்டோர் சிலர் எனின் அவர்களை நோக்கி நீண்ட சுட்டுவிரலர் பல கோடி. இவ்வகை ஜீலியோவுக்கு வரவேண்டிய தேவையே இல்லை. வீட்டுத் தொலைக்காட்சி போதும். இவர்களைச் சுட்டெழுத்தால் மேலும் பிரிக்கலாம். தீவினர் கப்பலை 'இது' என்பர், அண்மையால். உலகம் 'அது' என்னும், சேய்மையால். போர்ட்டோ சான்டோ ஸ்டெஃபானோவிலிருந்து ஒருமணி நேரம் படகில் வந்து, துறைக்குள் நுழையும் தறுவாயில் பக்கவாட்டில் கையை நீட்டுகிறானே, அவனுக்கு இரண்டும் பொருந்தா. அவனுக்குத்தான் தமிழ் உகரச்சுட்டை வைத்திருக்கிறது: 'உது'. கிட்டவும் இல்லை, எட்டவும் இல்லை, இடையில். இங்கே வழக்கொழிந்த அச்சொல் யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் நலமாக இருக்கிறது. கப்பலும் அப்படித்தான் கிடந்தது: பாதி கரைக்கு, பாதி கடலுக்கு, முழுதாக எதற்குமில்லை.

உது என்றவனே அடுத்த நொடியில் கைபேசியர் வகைக்கு மாறிவிடுகிறான். கப்பலைப் பார்ப்பதற்காகக் கப்பலுக்கு முதுகைக் காட்டி நிற்பது இவ்வகையின் தனி இலக்கணம். காலையில் வந்து படம் எடுத்து மாலையில் திரும்புகிறவர்கள் பெருகினார்கள். இரவு தங்கி, மீன் உண்டு, காசு செலவழிக்கும் பழைய விருந்தினர்கள் குறைந்தார்கள். இது இத்தாலியருக்கே உரிய குணம் என்று கொள்ளற்க. அதே 2012 அக்டோபர் கடைசியில், நீலம் புயலில் பெசன்ட் நகர் அருகே பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டியபோது குழந்தை குட்டிகளோடு கடற்கரைக்குக் கிளம்பிய கூட்டம் நம்முடையது. அக்கப்பலின் மாலுமிகளும் சிலர் இறந்திருந்தார்கள். அதனால் படங்களின் எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை.

இனி நூலின் நடுப்பகுதி, கைதேர்ந்தோர். இவர்களை ஒரே மூச்சில் கடந்துபோக மனமில்லை. தொட்டிகளிலிருந்த இரண்டாயிரம் டன்னுக்கு மேற்பட்ட எரிபொருளை 2012 மார்ச்சுக்குள் உறிஞ்சி எடுத்தாயிற்று. அடுத்து, அந்த இடத்திலேயே வெட்டித் துண்டுபோடுவதா, முழுதாக எழுப்பிக் கொண்டுபோவதா என்ற கேள்வி. முழுதாக என்று முடிவாகி, அமெரிக்க டைட்டன் சால்வேஜும் இத்தாலிய மிக்கோபெரியும் சேர்ந்து பணியை ஏற்றன. தலைமை, நிக் ஸ்லோன் என்ற தென்னாப்பிரிக்கர்.

முறையின் பெயர் பார்பக்ளிங். பெயர்தான் மிரட்டும், பீப்பாயைக் கயிற்றில் சுற்றி உருட்டிப் பலகை வழியே வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தவருக்கு இது விளங்கிவிடும். பீப்பாய் மூன்று கால்பந்து மைதான நீளம் என்பதுதான் வேறுபாடு. கப்பல் இரண்டு பாறை முகடுகளில் தொற்றிக்கொண்டிருந்தது, அப்பால் ஆழச் சரிவு. எனவே கருங்கல் கடற்படுகையில் துளையிட்டு எஃகு மேடைகளை ஊன்றினார்கள். முகடுகளுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தை ஆயிரத்துக்கு மேற்பட்ட சிமென்ட் கலவைப் பைகளால் அடைத்தார்கள். மேலே தெரிந்த பக்கத்தில் பல மாடி உயரப் பெட்டிகளைப் பற்றவைத்தார்கள். கம்பிவடங்கள் இழுத்துக் கப்பல் ஓரளவு நிமிர்ந்ததும், அந்தப் பெட்டிகளில் நீர் நிரப்பினால் அதன் எடையே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நடுவே, கடலடியில் வாழ்ந்த இருநூறு பெரிய சிப்பிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள். இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த கைகள் அவை.

2013 செப்டம்பர் 16. இரவெல்லாம் இடிமழை, மூன்று மணி நேரம் தாமதித்து ஒன்பது மணிக்கு இழுக்கத் தொடங்கினார்கள். உலகத் தொலைக்காட்சிகள் நேரலையில் அமர்ந்தன. என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியவில்லை. 65 பாகை திரும்ப 19 மணி நேரம் பிடித்தது என்றால், கடிகாரத்தின் சின்ன முள்ளைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு மெதுவாக. சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதை யாராவது நாற்காலி போட்டுப் பார்த்ததுண்டா? அதனினும் மெதுவானதை உலகம் பார்த்தது. காரணம் வெளிப்படையாகச் சொல்லக் கூடாதது, இலக்கண நூலாகையால் சொல்லலாம்: அது உடைந்துவிடக்கூடும். பொறியாளர் எதையும் நிகழவிடாமல் உழைத்த அந்த நாளில், பார்த்தவர் பாதிப்பேர் ஏதேனும் நிகழட்டும் என்று விழித்திருந்தார்கள். கைதேர்ந்தோரும் கையைக் கட்டிக்கொண்டு கட்டுப்பாட்டு அறையில் திரை பார்த்தபடிதான் இருந்தார்கள் என்பது ஒரு நயம்.

மறுநாள் விடியுமுன் நான்கு மணி வாக்கில் கப்பல் நிமிர்ந்தது. துறையில் ஸ்லோனைச் சூழ்ந்து கைதட்டினார்கள். இருபது மாதம் நீரில் கிடந்த பாதி, துருவும் பாசியும் படிந்து பழுப்பாகத் தெரிந்தது. மறுபாதி வெள்ளையாகவே இருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு கைதட்டல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நினைக்கிறேன். மீட்புச் செலவு கப்பலைக் கட்டிய செலவைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டியது. 2014 பிப்ரவரியில், மீட்புப் பணியில் ஒரு முக்குளிப்பவரும் உயிரிழந்தார்.

எஞ்சிய வகைகளை விரைந்து முடிக்கலாம். கைவரிசையர்: இரவும் பகலும் காவல் இருந்தபோதே கப்பலின் மணியைக் கழற்றிக்கொண்டு போனவர்கள், மூழ்கிய கப்பலின் மணியை எந்த வீட்டு வரவேற்பறையில் மாட்டுவார்களோ. கைகழுவியோர்: 2013-இல் 10 லட்சம் யூரோ அபராதத்தோடு குற்ற வழக்கிலிருந்து விலகிய கப்பல் நிறுவனம். கைநீட்டியோர்: உடைக்கும் வேலை எங்களுக்குத்தான் என்று முன்வந்த துறைமுகங்கள். பியோம்பினோ ஆசைப்பட்டது, துருக்கியும் பேச்சில் அடிபட்டது, கிடைத்தது ஜெனோவாவுக்கு. அந்நகரின் செஸ்த்ரி பொனென்தேயில்தான் கப்பல் கட்டப்பட்டது; பிரசவம் பார்த்த ஊரே ஈமக்கடனும் செய்தது.

கைவினையர் என்றொரு வகை, காலத்தைக் குழப்புவது. பாவ்லோ சோரென்தினோவின் தி கிரேட் பியூட்டி படத்தில் நாயகன் சாய்ந்த கப்பலை நின்று பார்க்கிறான், அது முறை. ஆனால் ழான்-லுக் கொதார், 2010-இல் வெளிவந்த ஃபிலிம் சோஷியலிஸ்மின் முதற்பகுதியை இதே கப்பலின் மேல்தான் படம் பிடித்தார். கவிழ்வதற்கு முன்பே பார்த்தவரை எங்கே சேர்ப்பது? புறநடையில் போட்டுவைப்போம்.

2014 ஜூலை 23 அன்று, இருபுறமும் பெட்டிகள் தாங்க மிதந்த கப்பல், நடைவேகத்துக்கும் குறைவாக இழுபட்டுத் தீவைவிட்டுப் போனது. நான்கு நாளில் ஜெனோவா. பிரதமர் ரென்சி வந்து பார்த்தார். அவர் கை, அரசியல்வாதியின் கை, தனியே வகுக்க வேண்டியதில்லை.

அதன்பின் 2014 நவம்பர் 3 அன்று, கப்பலைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எட்டாம் தளத்து அறையொன்றில் கடைசியாகக் காணாமற்போயிருந்தவரின் எச்சங்களைக் கண்டெடுத்தார்கள். மும்பையைச் சேர்ந்த உணவுப் பரிமாறும் பணியாளர். அந்த இரவில் பயணிகளுக்கு உதவிக்கொண்டிருந்தாராம். வீட்டார் ஏறக்குறைய 34 மாதம் காத்திருந்தார்கள். கப்பல் உருண்டபோதும் மிதந்தபோதும் இழுபட்டபோதும் எல்லாரையும்போல அவர்களும் அதையே பார்த்தார்கள். அப்போது அவர்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று வகுக்கும் நூற்பா இங்கே வரவேண்டும். அந்த ஏடு கிடைக்கவில்லை.