ஹார்ட் டிஸ்க் தேசப்பிரஷ்டம்: ஒரு சாஸ்திர விசாரம்

சங்கீதத்துக்கு விரோதமானவை என்று ரசிகர்கள் சொல்லும் வஸ்துக்களின் ஜாபிதாவில், சபா கான்டீனின் வாசனையும் பின்வரிசைச் சம்பாஷணையும் தனியாவர்த்தனத்தின்போது எழுந்து போகிறவர்களின் செருப்போசையும் இருக்கின்றனவேயன்றி, வீட்டில் ஓர் அறையை ஒழித்து அதையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்ட இக்கால வித்வான்களின் மேஜைமேல், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டியாய் உட்கார்ந்துகொண்டு இடைவிடாமல் முனகும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் அதில் இடம்பெறாதது ஒரு பெருங்குறை என்றே கொள்ள வேண்டும். அக்குறையை நிவர்த்திப்பதே இவ்விசாரத்தின் பிரயோஜனம்.

இந்த முனகல் எல்லாக் காலத்திலும் கேட்பதன்று. தெருச் சத்தத்துக்காக ஜன்னலைச் சாத்தி, ஏஸியை நிறுத்தி, தலைக்குமேல் சுழலும் விசிறியையும் அணைத்து, நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு இறங்கும் முகூர்த்தத்தில்தான், மைக்கின் முன் வாய் திறக்கப்போகும் பாடகருக்கு அது பிரத்தியட்சமாகிறது. அவர் காது ஒருகால் மன்னித்தாலும் மைக் மன்னிப்பதில்லை. தன் சுயசப்தம் 5 டெசிபெல்லுக்கும் கீழே என்று பெருமை பேசும் கண்டென்ஸர் மைக்குகள் இப்போது நடுத்தரக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டன. ஆலாபனையில் ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் நடுவே மூச்சு விடும் இடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், நேர்கோடாய் இருக்க வேண்டியது கம்பளிப்புழுவைப் போல் மயிர் சிலிர்த்துக் கிடக்கும்.

முதற்கண் அம்முனகலின் ஸ்வரஸ்தானத்தை நிர்ணயிப்பது அவசியம். வட்டுக்களில் பெரும்பாலானவை நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்றுச் சுழல்பவை. அறுபதால் வகுத்தால் விநாடிக்கு 90, 120 என்று வரும். இவையே அவற்றின் ஆதார நாதம். ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவருக்கு 5,400 வட்டின் 90 ஹெர்ட்ஸ், சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் ஏறக்குறையச் சரிபாதியில் விழுகிறது. 72 மேளகர்த்தாக்களில் முதல் 36 சுத்த மத்யமத்தையும் பின் 36 பிரதி மத்யமத்தையும் பற்றி நிற்பனவாதலின், எக்கட்சியிலும் சேராமல் எழுபத்திரண்டுக்கும் ஒருங்கே அபஸ்வரமாய் நிற்கும் இவ்வட்டின் பட்சபாதமின்மையை வேங்கடமகியும் வியந்திருப்பார். 7,200 வட்டோ, கைசிகி நிஷாதத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் நடுவே அதே சரிபாதியில் திரிசங்குவாய்த் தொங்குகிறது.

தனித்தனியே அபஸ்வரமான இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் நேர்வது ஆச்சரியம். 120 ஷட்ஜமானால் 90 அதன் மந்த்ர பஞ்சமம், பிசிறில்லாமல். தம்புராவின் முதல் தந்திக்கும் அதுவே ஸ்தானம். ஆகவே ஒரு கட்டைக்காரர் தம் சுருதியை ஒன்றரை ஸ்வரஸ்தானம் இறக்கிக்கொள்ளச் சம்மதித்தால், தம்புரா வாங்கும் செலவும் அதை மீட்ட ஒரு சிஷ்யனுக்குச் சாப்பாடு போடும் செலவும் மிச்சம் என்று யாரேனும் யுக்தி சொல்லக்கூடும். ஆனால் ஒரே ஜாதியைச் சேர்ந்த இரண்டு வட்டுக்களை வைத்திருப்பவருக்கு அந்த பாக்கியமும் இல்லை; அவற்றின் வேகம் மயிரிழை வேறுபட, நாதம் விம்மி விம்மித் தணிகிறது; பாடுகிறவருக்குத் தாளம் எது, விம்மல் எது என்பதே தெரியாமற் போகும்.

வம்ச சரித்திரத்தையும் சற்றுத் தொட்டுச் செல்வோம். 1956-இல் ஐபிஎம் கம்பெனி வெளியிட்ட ராமாக் இயந்திரத்தின் வட்டுத்தொகுதியில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்கள் நிமிஷத்துக்கு 1,200 முறை சுழன்றன. அதாவது விநாடிக்கு 20, மனிதச் செவியின் கீழெல்லை. அந்த ஆதிபுருஷனின் ஆதார நாதம் செவிக்கு எட்டியும் எட்டாததுமாய் இருந்திருக்க, சந்ததியார் சிறுத்துச் சிறுத்து வேகம் ஏறியபோதுதான் குடும்பத்துக்குக் குரல் வந்தது. ஏறத்தாழ ஒரு டன் கனத்த அப்பெரியவரிடம் இன்றைய தரத்தில் ஒலியைக் கொடுத்தால் சுமார் அரை நிமிஷப் பாட்டைத்தான் வைத்துக்கொண்டிருப்பார். அனுபல்லவிக்குப் போவதற்குள் நிரம்பிவிடுவார்.

நிவர்த்திக்கு உபாயம் சொல்வோர் பல மதத்தினர். தூரவாதிகள், தூரம் இரட்டித்தால் சப்தம் 6 டெசிபெல் குறையும் என்பதைப் பிரமாணமாகக் காட்டுவர். திறந்த வெளியில் அது சத்தியமே. நான்கு சுவரும் சப்தத்தைத் திருப்பியனுப்பும் பத்தடி அறையிலோ, வட்டிலிருந்து சில அடி விலகியதுமே அந்தப் பிரமாணம் வலுவிழந்துவிடுகிறது. மேஜையின் மறுமுனைக்கு நகர்த்திப் பெறும் லாபம் பெரும்பாலும் மனத்திருப்தியே. துண்டைப் போட்டு மூடலாம் என்னும் மூடிவாதிகளோடு வாதம் அநாவசியம். விசிறியில்லாத சித்திரை மாத அறையில் மூடிய வட்டு சூடேறி அவர்களுக்குத் தானே பதில் சொல்லிவிடும். சுழற்சியையே துறந்து எஸ்எஸ்டியைத் தஞ்சமடைந்த சந்நியாசிகளை வணங்குகிறேன். ஆயினும் அதே கொள்ளளவுக்கு அவர்கள் கொடுக்கும் விலையைக் கேட்டபின் கிருஹஸ்தாசிரமமே போதும் என்று தோன்றிவிடுகிறது.

என் சித்தாந்தம் ஸ்பர்சவாதிகளின் பக்கம். 120 ஹெர்ட்ஸ் நாதத்தின் ஓர் அலை ஏறக்குறைய 2.9 மீட்டர் நீளம். அத்தனை பெரிய அலையை உள்ளங்கையளவுப் பெட்டி காற்றில் தள்ளுவது அதன் சக்திக்கு மீறியது. தள்ளுவது மேஜை. வீணைத் தந்தியின் அதிர்வைக் குடம் ஏற்று ஊருக்குச் சொல்வது எவ்வாறோ, அவ்வாறே வட்டின் நடுக்கத்தைப் பிளைவுட் பலகை தன் முழுப் பரப்பாலும் வெளியிடுகிறது. மேஜையில் முழங்கையை ஊன்றினால் எலும்புக்கே தெரியும். ஓடும் வட்டைத் தூக்கிச் சோதிப்பது அபாயமாதலின், அதை நிறுத்திவிட்டு, தேய்ந்த ஹவாய்ச் செருப்பை அறுத்த நான்கு ரப்பர்த் துண்டுகளை அடியில் வைத்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அடிக்குரல் பாதிக்குமேல் அடங்கும். சங்கீதம் குடியிருக்கும் பெட்டியைச் செருப்பின்மேல் வைப்பது ஸரஸ்வதிக்கு அபசாரம் என்று ஆட்சேபித்து ஸ்பர்சவாதிகளுக்குள்ளேயே பிரிந்துபோனவர்கள் மவுஸ் பேடை மடித்து வைக்கிறார்கள். வேறு சிலர் எலாஸ்டிக் நாடாவில் தூளி கட்டித் தொங்கவிடுகிறார்கள். பலன் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

எஞ்சுவது மோட்டாரின் மெல்லிய கீச்சும், தகவலைத் தேடி முன்னும் பின்னும் தாவும் வாசிப்பு முனையின் கடகடப்பும். இவை காற்றிலேறி வருபவை. இவற்றுக்குக் கதவு ஒன்றே மருந்து. ஆக, ஸ்பர்சத்தை அறுத்தபின் தேசப்பிரஷ்டம் என்பதே கிரமம். கிரமம் மாறினால் அடுத்த அறையின் மேஜை முனகும்.

எவ்வளவு தூரம் கடத்தலாம் என்பதை யூஎஸ்பி சாஸ்திரம் வரையறுத்திருக்கிறது. பழைய யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர். அதைவிட வேகமான பின்தலைமுறைக்குச் சாதாரணக் கேபிளில் 3 மீட்டர் தாண்டுவது சந்தேகம். கடைக்காரர் வேகத்தையே புகழ்வார். நமக்கு வேண்டியதோ நீளம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் 24 தடங்களை ஒருசேரப் பதிவு செய்தாலும் விநாடிக்கு மூன்றரை மெகாபைட்தான் ஆகும். பழைய கேபிளே அதைப்போல் பலமடங்கு சுமக்கும். 5 மீட்டருக்கு அப்பால் போக விரும்புவோர் 100 மீட்டர் வரை அனுமதிக்கும் நெட்வொர்க் கேபிளைச் சரணடையலாம். அடுக்குமாடி வீடுகளில் அந்த நீளம் பெரும்பாலும் பக்கத்துப் பிளாட்டாரின் எல்லைக்குள் போய் முடியும்.

மிஞ்சும் பிரச்னை, பிரஷ்டனை ஏற்கும் தேசம் எது என்பது. சமையலறையில் தாளிப்புப் புகை. குளியலறை பேசவே தகாது. பூஜையறைக்கு வீட்டாரின் அனுமதி கிடையாது. கதவுக்கு அடியில் கேபிள் நுழைய இடமுள்ளது பாட்டியின் அறை ஒன்றே. கட்டிலுக்குக் கீழ், மவுஸ் பேடின்மேல் வட்டைக் குடியேற்றியபின் பாட்டி எழுப்பக்கூடிய ஆட்சேபம் சப்தத்தைப் பற்றியதாய் இராது. செவி மந்தித்த வயதில் மோட்டாரின் மெல்லிய கீச்சு ஒரு பொருட்டன்று. இரவெல்லாம் கண் சிமிட்டும் அதன் நீல விளக்கைப் பற்றியதாகவே இருக்கும். அதற்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு போதும் என்பது முடிபு.