தலைக்குப் பெற்றோல், தளபதிக்குக் கடல்

பருத்தித்துறையில் வாய் திறந்து பேச ஆளில்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்னேரம் பஸ் நிலையத்தடிக்கு வந்து நில்லுங்கள். நகரசபையைப் பற்றிக் கேளுங்கள். "எங்களுக்கேன் அண்ணை தேவையில்லாத கதை" என்பார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிக் கேளுங்கள். ஆளாளுக்குக் குனிந்து கைபேசியைப் பார்ப்பார்கள். புதுப்படம் எப்படி என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சபை களைகட்டிவிடும்.

"படம் அந்தமாதிரி மச்சான்! தியேட்டரே அதிருது."

"விசர்ப்படம். இடைவேளையோட எழும்பி வந்திட்டன்."

"நீ எப்ப போனனீ?"

"போகத் தேவையில்லை. ஆற்றை படமெண்டு தெரியுந்தானே."

இதுதான் எங்கள் விமர்சன மரபு. கதை, நடிப்பு, ஒளிப்பதிவு எல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்கள் பார்க்கிற சங்கதி. யாருடைய படம் என்று தெரிந்தால் போதும். பிடிக்குமா பிடிக்காதா என்பது பூசை போடுமுன்னரே தீர்மானமாகிவிடும். தகப்பன் எம்.ஜி.ஆர். கட்சி, மூத்தவன் 'தல' அஜித் கட்சி, இளையவன் 'தளபதி' விஜய் கட்சி. இந்தியாவில் எங்களுக்கு வாக்கு இல்லை. கட்சி மட்டும் இருக்கிறது.

கொள்கைப் பற்றுக்கு ஒரு சான்று சொல்கிறேன். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. எஞ்சின் பூட்டிய படகுகள் கரையில் இழுத்துவிட்டபடி கிடந்தன. பெற்றோலைக் கியூஆர் காட்டினால்தான் அளந்து ஊற்றினார்கள். ஏறக்குறைய ஐந்து மாதம் கழிந்தது. 2023 ஜனவரி 11: அஜித்தின் 'துணிவு', விஜயின் 'வாரிசு' இரண்டும் ஒரே நாளில். அளந்து ஊற்றிய அந்தப் பெற்றோலில் யாழ்ப்பாணம்வரை ஓடி, முதற்காட்சி பார்த்து, எதிர்க்கட்சிக்காரனுக்குக் கூவடித்துவிட்டுத் திரும்பினார்கள் எங்கள் பெடியள். மண்ணெண்ணெய் கடற்றொழிலாளியின் பிரச்சினை. துணிவா வாரிசா என்பதல்லவா ஊர்ப் பிரச்சினை!

இளசுகளை மட்டும் குறைசொன்னால் பாவம் வரும். 1965இல் எம்.ஜி.ஆர். இலங்கைக்கு வந்தபோது முண்டியடித்தவர்கள்தான் இன்றைக்குத் திண்ணையிலிருந்து "இந்தக் காலத்துப் பெடியள் உருப்படாதுகள்" என்று பெருமூச்சு விடுகிறார்கள். அவருக்குக் கல்வியங்காட்டில் சிலையே நிற்கிறது. நல்லது, நிற்கட்டும். 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்துக்கு வந்து 'பொன்மணி' எடுத்தார். எழுதியவர் காவலூர் ராஜதுரை. சீதனத்தையும் சாதியையும் எங்கள் முற்றத்தில் வைத்தே காட்டிய படம். அதில் ஒருவன் பத்துப்பேரை அடித்து வீழ்த்தவில்லை. ஏழை வீட்டுக் கிழவியைக் கட்டிப்பிடித்து அழவில்லை. படம் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று ஆராய்ந்து கட்டுரை வாசிக்க மட்டும் இன்றைக்கு எங்களிடம் ஆட்கள் தாராளம்.

2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருது 'தீபன்' படத்துக்குக் கிடைத்தது. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியாரின் படம். முன்னணிப் பாத்திரத்தில் நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. பஸ் நிலையத்தடியில் இதைச் சொல்லுங்கள். "ஃபைற் இருக்கோ?" என்று கேட்பார்கள். இல்லையென்றால் அத்தோடு கதை முடிந்தது. ஆகக் குறைந்தது, திட்டவாவது செய்யலாமே? எங்களைப் பற்றிய படத்துக்கு எங்களிடம் வெறுப்புக்கூட மிச்சமில்லை. இருந்த வெறுப்பெல்லாம் ஏற்றுமதியாகிவிட்டது.

ஒரேயொரு தடவை எங்கள் படமொன்றுக்கு மரியாதை செய்தோம். 2017இல் கானில் திரையிடப்பட்ட ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' 2018இல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு வரவிருந்தது. எதிர்ப்புக் கிளம்பியது, படம் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. பார்த்துவிட்டு இயக்குநரோடு மல்லுக்கட்டும் வாய்ப்பும் ஊருக்குக் கிடைக்கவில்லை. பார்க்காத படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிப் பழகிய சமூகத்துக்கு அது ஒரு இழப்பாகவே தெரியவில்லை.

அடுத்த சாதனை 2024 பெப்ரவரி 9. யாழ்ப்பாணம் முற்றவெளி. ஹரிஹரன் பாட வந்தார், தமன்னா வந்தார். இலவசப் பக்கத்தில் நின்ற கூட்டம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு ரிக்கெற் வாங்கியவர்களின் பக்கம் பாய்ந்தது. கிடைத்த கம்பியிலெல்லாம் ஏறியது. பாட்டு இடைநடுவில் நின்றது. 1974 ஜனவரி 10, தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் உயிர்கள் பறிபோன மண்ணும் அதே முற்றவெளிதான். ஆண்டுதோறும் அங்கே விளக்கேற்றப் போகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். தடுப்பு உடைக்கும் வீரம் எங்களிடம் இல்லையென்று இனி எவனும் சொல்லக்கூடாது. எந்தத் தடுப்பு என்பதுதான் கேள்வி.

இப்போது கடலுக்கு வருவோம். சுப்பர்மடம் கரையில் விடியற்காலை ஒருவர் வலை இழுத்துப் போடுகிறார். ஓட்டை என்று சொல்ல முடியாது. ஓட்டை விழுவதற்கு வலை இருக்கவேண்டும். கயிறு இருக்கிறது, கயிற்றில் மிதப்புகள் இருக்கின்றன, கீழே ஒன்றுமில்லை. இரவு இந்திய ரோலர் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அடிமட்ட இழுவை மடியை இலங்கை 2017இலேயே சட்டம் போட்டுத் தடை செய்தது. ரோலருக்குச் சட்டம் வாசிக்கத் தெரியாது. 2022 ஜனவரி கடைசியில் வத்திராயன் மீனவர் இருவர் கடலில் மாண்டார்கள். ரோலர் மோதியே இறந்தார்கள் என்று சொல்லிக் கடற்றொழிலாளர்கள் இந்தச் சுப்பர்மடத்தில்தான் வீதியை மறித்து இருந்தார்கள். அந்த மறியலில் நம் இரசிக மன்றத்துச் சிங்கங்களின் பதாகை ஒன்றையும் காணவில்லை. பால் ஊற்றக் கட்டவுட் இல்லாத இடத்துக்கு அவர்கள் ஏன் வரவேண்டும்?

2025 ஓகஸ்டில் மதுரை மாநாட்டு மேடையில் நின்று விஜய், எங்கள் கடலிலுள்ள கச்சத்தீவை மீட்டுத் தரும்படி இந்தியப் பிரதமரைக் கேட்டார். கேட்டது அவருடைய அரசியல். அவருக்கு வாக்கு அங்கே. அங்கிருந்து ரோலரில் வருகிறவனும் கூலிக்காரன்தான், பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவனும் அவன்தான். முதலாளி கரையில் இருக்கிறார். அதையெல்லாம் ஒரு நடிகர் மேடையில் விளங்கப்படுத்துவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்தது இங்கே. ஓட்டோவின் பின்கண்ணாடியில் அவர் முகத்தை ஒட்டிக்கொண்டு திரிகிறவன், அவருடைய படத்தைக் குறைசொன்னால் அடிக்க வருகிறவன், தன் சொந்தச் சித்தப்பனின் வலையையும் கடலையும் பற்றிய கதை வந்தபோது என்ன சொன்னான் தெரியுமா?

"அது அரசியல் அண்ணை. நாங்கள் படத்தை மட்டுந்தான் பாக்கிறது."

படத்தையும் பார்க்கவில்லை என்பதை மேலே பார்த்தோம்.

விரும்புகிறவனிடம் பிழை கண்டால் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் அபிப்பிராயம் என்ற ஒன்று உண்டு. "உங்கடை படம் நல்லாயிருந்தது, கச்சத்தீவுக் கதை சரியில்லை" என்று ஒரு வசனம் பேச எவ்வளவு செலவாகும்? ஒரு ரிக்கெற் காசுகூட இல்லை. அந்த ஒரு வசனத்துக்கு இந்த ஊரில் நாக்கு எழவில்லை. ஆயிரம் படத்துக்குத் தீர்ப்புச் சொன்ன வாய், தன் கடலைப் பற்றி ஒரு சொல் பேசாதென்றால், அதைத் தியேட்டருக்கு வெளியிலும் மூடியே வைத்திருக்கலாம்.