கம்பளி போர்த்திய காவல்காரன்

காணி வாங்குகிறவர் உறுதியைப் புரட்டிப் பார்ப்பதுபோலத்தான் நம்மவர்கள் காவல் நாய் வாங்கும்போதும் பரம்பரையைப் புரட்டுகிறார்கள். தகப்பன் எந்த நாட்டு வழி, தாய் எந்தப் போட்டியில் வென்றது, பத்திரம் உண்டா, வால் வெட்டியாயிற்றா என்று எல்லாம் விசாரித்து, கேட்ட விலையையும் கொடுத்துவிட்டு, ஒரேயொரு கேள்வியை மட்டும் மறந்துவிடுகிறார்கள்: இது பகல் ஒரு மணிக்கு என்ன செய்யும்? நுவரெலியாவில் இந்தக் கேள்வியை மறக்கலாம். புத்தளத்துக்கு வடக்கே, கடலும் களப்பும் ஒரு புறம், வில்பத்துக் காடு மறுபுறம் என்று கிடக்கும் கரைத்தீவில் மறக்க முடியாது. இங்கே காவல் நாய்க்கு முதல் எதிரி கள்ளன் அல்ல, வெயில். கள்ளன் என்றைக்காவது ஒருநாள்தான் வருவான். வெயில் நாள் தவறாமல் வரும், குரைத்தாலும் ஓடாது.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மிச்சச் சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தே வெளியேற்ற வேண்டும். நாக்கிலும் மூக்கினுள்ளும் ஈரம் ஆவியாகும்போது இரத்தம் குளிர்கிறது. ஆனால் காற்றே ஈரமாக இருந்தால் ஆவியாவது குறைந்துவிடும். ஆகவே கரையோரப் புழுக்கத்தில் நாய் இரைப்பது நிறைய, குளிர்வது கொஞ்சம். சாதாரணமாக 38, 39 பாகை செல்சியஸில் நிற்கும் உடம்புச் சூடு 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இதிலிருந்து வெயில் நாட்டு நாயின் இலட்சணம் தானாகவே வந்துவிடுகிறது: மூக்கு நீளமாக இருக்க வேண்டும், மயிர் குட்டையாக இருக்க வேண்டும், உடம்பு ஒல்லியாக இருக்க வேண்டும். சப்பை மூக்குப் பக்கும் புல்டோக்கும் முதல் பாடத்திலேயே சித்தியடையா. இரட்டை மயிர் ஹஸ்கிக்கு இரண்டாவது பாடம் தவறும். ரொட்வைலர் மூன்றாவதில் தடுமாறும். உடம்பு பருக்கப் பருக்க, உள்ளே உண்டாகும் சூட்டுக்கு ஈடாக அதை வெளியே விடும் தோல் பரப்புக் கூடுவதில்லை. “மயிரை வழித்துவிட்டால் போச்சு” என்பார்கள். வழித்த தோலில் வெயில் நேரே அடிக்கும். சப்பை மூக்கையோ எந்தச் சலூனிலும் நீட்டித் தரமாட்டார்கள்.

இந்த நாய்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஒவ்வொன்றும் அது பிறந்த ஊரின் வேலைக்கு அமைந்தது. அல்சேஷனை 1899இல் இனமாக நிலைநிறுத்திய மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் ஜெர்மனியின் ஆட்டு மந்தைகளை மனதில் வைத்தார். டோபர்மனை உருவாக்கிய ஜெர்மானியர் ஒரு வரி வசூலிப்பாளர்; வரி கேட்டுப் போகிறவருக்கு எப்படிப்பட்ட துணை தேவை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கரைத்தீவில் காக்க வேண்டியது தென்னந்தோட்டம், வாடி, கருவாடு, வெளியில் கட்டிய ஆடு. இந்த வேலைக்கு ஆல்ப்ஸ் மலைப் பனியில் வழி தேடிய சென் பெர்னார்ட்டை அமர்த்தினால், அதற்கு மின்விசிறி வேண்டும், பிறகு ஏசி வேண்டும், ஏசி அறைக்குக் கதவு பூட்ட வேண்டும். கடைசியில் பூட்டிய அறைக்குள் நாய் தூங்க, வெளியே முற்றத்தில் உலாத்திக் காவல் காப்பவர் வீட்டுக்காரர்தான்.

இந்தக் கணக்கை ஏற்கெனவே ஒருவர் போட்டு விடையும் கண்டிருக்கிறார். 1930களில் பலஸ்தீனத்தில் யூதக் குடியிருப்புகளுக்குக் காவல் நாய் தேவைப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த பெயர்பெற்ற இனங்கள் அங்கே சூட்டில் வாடின. ருடொல்ஃபினா மென்செல் என்ற ஒஸ்திரியப் பெண்மணி, நாய்ப் பயிற்சியில் பெரிய கை, புது இனம் தேடி எந்தக் கப்பலுக்கும் காத்திருக்கவில்லை. பாலைவன ஓரத்தில் எவரும் திரும்பிப் பாராமல் திரிந்த நாய்களைப் பிடித்து, பழக்கி, பெருக்கினார். அவை காவல் காத்தன, செய்தி கொண்டுபோயின, கண்ணிவெடியும் மோப்பம் பிடித்தன. அந்தத் தெருநாய்களின் வாரிசுகளைத்தான் கனான் நாய் என்று 1966இல் சர்வதேச நாய் வளர்ப்புக் கூட்டமைப்பே ஓர் இனமாக ஏற்றுக்கொண்டது. வெயில் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வைத்ததற்கு மென்செல் பெயர் வைத்தார், அவ்வளவுதான்.

கரைத்தீவிலும் அந்தத் தேர்வு நடந்து முடிந்திருக்கிறது. நீண்ட மூக்கு, குட்டை மயிர், ஒட்டிய வயிறு, நிமிர்ந்த காது: நம் ஊர் நாய். தாங்காதவை குட்டியிலேயே போய்விட, தாங்கியவை பெற்ற பிள்ளைகள் இவை. இந்தக் கரைக்கு இதன் உரிமையும் பழையது. விஜயன் கூட்டம் கரையிறங்கிய இடம் வடக்கே குதிரைமலைப் பக்கம் என்பது ஒரு மரபு. அங்கே ஒரு பெட்டை நாய் எதிர்ப்பட்டது என்றும், நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று ஒருவன் அதன் பின்னால் போனான் என்றும் மகாவம்சம் சொல்கிறது. அந்த நாய் உண்மையில் ஓர் இயக்கி என்பது வேறு கதை. ஆனால் ஊருக்கு அடையாளம் நாய் என்ற நியாயத்தில் பிழையில்லை.

“ஊர் நாய் காற்றுக்கும் குரைக்குமே” என்பது முதல் ஆட்சேபம். காவல் நாயின் வேலையில் பெரும்பங்கு குரைப்பதுதான். கடிப்பது மேலதிக வேலை, அதற்குப் பிறகு பொலிஸ் நிலையமும் ஆஸ்பத்திரியும் போக வேண்டியிருக்கும். மீன்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு குரல், காட்டுப் பன்றிக்கு ஒரு குரல், யானைக்கு வாலை ஒடுக்கிக்கொண்டு ஒரு குரல் என்று அது தரம் பிரித்தே குரைக்கும். கேட்டுப் பழக வேண்டியது நாம். “ஒரு துண்டு இறைச்சிக்கு விலைபோய்விடும்” என்பது அடுத்தது. இறைச்சி விஷயத்தில் பரம்பரைப் பத்திரம் எந்த நாயையும் தடுத்ததாகத் தெரியவில்லை. வயிறு நிறைந்த நாய்தான் நேர்மையான நாய். மீன் தலை போட்டுப் பிசைந்த சோறு நேரத்துக்குக் கிடைத்தால், கருவாடு காயும் பாய்க்குப் பக்கத்திலேயே படுக்கவிடலாம். மனிதர் சிலரை அப்படி விட முடியாது.

“அப்படியென்றால் தமிழ்நாட்டு இனங்கள் ஆகாதா?” என்றும் கேட்பார்கள். வெயிலுக்கு ஆகும். ராஜபாளையம் 2005இல் இந்தியத் தபால்தலையிலேயே ஏறிய நாய். ஆனால் அந்த வெள்ளை உடம்போடு காது கேளாமலும் குட்டிகள் பிறப்பதுண்டு. செவிடான காவல்காரனை வைத்துக்கொள்வது கள்ளனுக்குச் செய்யும் உபகாரம். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்தப் பிறந்தவை. இங்கே துரத்தினால் ஓட்டம் வில்பத்துவுக்குள்தான் போய் முடியும். தேசியப் பூங்காவில் வேட்டை குற்றம் என்று 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் சொல்கிறது. வழக்குக்குப் போகப்போவது நாயல்ல. சிறுத்தைக்கு எதிராகப் பெரிய நாய் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு சொல்: நாய் அதற்குப் பிடித்த உணவு, பெரிய நாய் பெரிய உணவு. இரவில் நாயைக் கூட்டில் அடைத்து, அங்கிருந்து குரைக்கவிடுவதே புத்தி.

நாய் வீட்டுக்குள் வரலாமா என்ற முஸ்லிம் அயலவரின் கேள்வி, உண்மையில் ஊர் நாய்க்குச் சாதகமானது. ஷாஃபி மத்ஹபில் நாயின் எச்சில் பட்டதை மண்ணோடு சேர்த்து ஏழு தடவை கழுவ வேண்டும். ஆனால் மந்தைக்கும் பயிருக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள அனுமதியுண்டு. ஏசி கேட்கும் நாயோடு இந்தச் சட்டத்தைக் காப்பது கடினம். ஊர் நாய்க்கு வேப்பமர நிழலே போதும். உள்ளே அழைத்தாலும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

ஆகவே குட்டி தேடுகிறவர் மதியம் போங்கள். வரிசையில் எது கொழுகொழுவென்று இருக்கிறது என்று பார்க்காமல், எது முதலில் நிழலைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே உங்களைப் பார்த்து உறுமுகிறது என்று பாருங்கள். அதைத் தூக்கி வாருங்கள். மிச்சப்பட்ட காசில் விசர்நாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் செய்து, தண்ணீர்ச் சட்டி ஒன்றும் வாங்குங்கள். அதற்கும் மேலே காசு மிஞ்சி, சாதி நாய் இல்லாத குறை மனதை அரித்தால், “நாய் கடிக்கும்” என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் ஒரு பலகை எழுதிப் படலையில் மாட்டிவிடுங்கள். கள்ளன் பலகையைத்தான் வாசிப்பான், பத்திரத்தைக் கேட்கமாட்டான்.