கிறிஸ்தவ ராக் குழு தொடங்குவோர் கவனத்துக்கு

ஜாஸை சாக்ஸபோன் காட்டிக்கொடுக்கும். கன்ட்ரியைப் பாடகரின் மூக்கு காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் ஒரே ஒரு சங்கீத வகையை மட்டும் காதால் கண்டுபிடிக்க முடியாது. பாட்டு வரிகளை வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும். அதுதான் கன்டெம்பரரி கிறிஸ்டியன் மியூசிக், சுருக்கமாக சிசிஎம். அதற்குள் ஹெவி மெட்டல் உண்டு, ராப் உண்டு, தூங்க வைக்கிற பாப்பும் உண்டு. தலைநகரம், டென்னசி மாநிலத்து நாஷ்வில்.

இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்காக இந்தக் குறிப்புகள். லாரி நார்மன் 1969-ல் 'அப்பான் திஸ் ராக்' ஆல்பத்தை வெளியிட்ட நாள் முதல் மூத்தவர்கள் பட்ட பாட்டிலிருந்து திரட்டியவை. கிட்டார் வாசிக்கத் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் கீழே உள்ளவை பொருந்தும்.

1. சரியான கல்லூரியில் சேருங்கள்

ராக் குழு என்றால் கார் ஷெட்டில் பிறக்க வேண்டும் என்பது உலகத்தார் வழக்கம். நீங்கள் பைபிள் கல்லூரி விடுதியில் பிறக்க வேண்டும். டிசி டாக் குழு 1987-ல் உருவானது பிரசங்கியார் ஜெர்ரி ஃபால்வெல் நிறுவிய லிபர்டி பல்கலைக்கழகத்தில். ஜார்ஸ் ஆஃப் க்ளே 1993-ல் இல்லினாய் மாநிலத்து கிரீன்வில் கல்லூரியில். ஆடியோ அட்ரினலின், கென்டக்கி கிறிஸ்டியன் கல்லூரியில். இப்படிப்பட்ட கல்லூரிகள் பலவற்றில் சாப்பலுக்கு வருவது கட்டாயம். மைக்கும் ஸ்பீக்கரும் ஏற்கெனவே இருக்கும், எழுந்து போக முடியாத கூட்டமும் இருக்கும். வேறெந்த ராக் குழுவுக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது.

2. பெயர் வையுங்கள்

விசுவாசிக்கு வசனம் ஞாபகம் வர வேண்டும். மற்றவனுக்கு ஒன்றும் புரியக் கூடாது. ஜார்ஸ் ஆஃப் க்ளே என்றால் 2 கொரிந்தியர் 4:7-ல் வரும் மண்பாண்டங்கள். மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட உடையில் ஹெவி மெட்டல் வாசித்த ஸ்ட்ரைப்பர் குழு, ஏசாயா 53:5 என்று எண்ணையே பெயருக்குக் கீழே போட்டுக்கொண்டது. வசனம் அகப்படாவிட்டால் கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் இருக்கிறார். அப்பாவிடமே ஆறு பென்ஸ் வாங்கி அப்பாவுக்கே பரிசு வாங்கித் தருகிற பிள்ளை. அப்பாவுக்குச் சந்தோஷம்தான், ஆனால் பைசா லாபமில்லை என்று அவர் சொன்ன உவமையிலிருந்து வந்தது 'சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர்'. டேவிட் லெட்டர்மேன் டிவி நிகழ்ச்சியில் பெயருக்கு அர்த்தம் கேட்டபோது பாடகி லீ நாஷ் இதை விளக்கினார். தேசிய டிவியில் ஓசியில் ஒரு பிரசங்கம்.

இரண்டும் அகப்படாவிட்டால் நண்பனின் பழைய காரைப் பாருங்கள். ரிலையன்ட் கே அப்படி வந்த பெயர்தான். கிட்டாரிஸ்ட் வைத்திருந்த ப்ளிமத் காரின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

3. எத்தனை இயேசு என்று எண்ணிக்கொள்ளுங்கள்

தொழிலுக்குள் இருப்பவர்கள் ஜேபிஎம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை இயேசுவின் பெயர் வருகிறது என்று அர்த்தம். வேடிக்கைக்காகத்தான் சொல்வார்கள், ஆனால் எண்ணுவார்கள். கிறிஸ்தவ இசைக்கான டவ் விருதுகளை வழங்கும் காஸ்பல் மியூசிக் அசோசியேஷன், எது கிறிஸ்தவப் பாட்டு என்பதற்கு 1998-ல் ஓர் இலக்கணமே எழுதி வைத்தது. வரிகளில் வேத சத்தியம் இருக்க வேண்டும், அல்லது துதி, அல்லது சாட்சி, அதுவும் இல்லையென்றால் கிறிஸ்தவப் பார்வையாவது இருக்க வேண்டும். ராகம், தாளம் பற்றி நிபந்தனை எதுவும் இல்லை.

எண்ணிக்கை கூடினால் வெளி ரேடியோ போடாது. குறைந்தால் சபையில் முணுமுணுப்பு. இதற்கு மூத்தவர்கள் கண்ட வழி 'நீ'. 'நீ இல்லாமல் நான் இல்லை' என்று பாடிவிட்டு, யாரிடம் என்பதைக் கேட்பவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். ஆண்டாளைப் படித்த நமக்கு இது அதிசயமில்லை. ஆனால் ஆண்டாளுக்கு ரேடியோ டைரக்டர் இருந்ததில்லை.

வீடியோ எடுக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. பாடகி ஏமி கிராண்ட் தன் கைக்குழந்தையைப் பார்த்து எழுதிய 'பேபி பேபி' 1991-ல் பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வீடியோவில் குழந்தை இல்லை. கணவர் அல்லாத ஓர் இளைஞர் இருந்தார். பல கிறிஸ்தவ வீடுகளில் அன்றைக்கு ஜெபக்குறிப்பு அதுதான்.

4. பெக்கிக்குப் பிடிக்க வேண்டும்

உங்கள் ரசிகர் யார்? ஜீன்ஸ் கிழிந்த கல்லூரிப் பையன் என்று நினைத்தால் இன்னும் தொழில் பழகவில்லை. உங்கள் எஜமானி பெக்கி. அப்படி ஒருத்தி கிடையாது. கிறிஸ்தவ ரேடியோக்காரர்கள் மனக்கண்ணில் வைத்திருக்கும் நேயர் அவர். பிள்ளைகளைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கும் விளையாட்டுக்கும் வேன் ஓட்டும் அம்மா. கலிபோர்னியாவில் 1982-ல் ஆரம்பித்து நாடெங்கும் பரவிய கே-லவ் போன்ற நிலையங்கள் விளம்பரத்தில் ஓடுவதில்லை, நேயர் அனுப்பும் காணிக்கையில் ஓடுகின்றன. காணிக்கை அனுப்புவது பெக்கி.

எனவே சோகம் இருக்கலாம், முதல் சரணத்தோடு சரி. இரண்டாம் சரணத்தில் மேகம் கலைய வேண்டும். சிக்னலில் பச்சை விழுவதற்குள் நம்பிக்கை பிறந்தாக வேண்டும். டிரம்ஸ் அடிக்கலாம், பின் சீட்டுக் குழந்தை எழுந்துவிடாத அளவுக்கு. யோபு புத்தகம் மாதிரி நாற்பத்திரண்டு அதிகாரம் புலம்பினால் எந்த நிலையமும் போடாது.

5. பிசாசின் ஆள் என்று பெயர் எடுங்கள்

ஒரு தடவையாவது யாராவது உங்களைப் பிசாசின் ஆள் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ராக் குழு அல்ல, பாடகர் குழு.

ஸ்ட்ரைப்பர் மேடையிலிருந்து கூட்டத்துக்குள் பைபிள்களை வீசியெறிவார்கள். 1986-ல் வந்த 'டு ஹெல் வித் த டெவில்' பத்து லட்சம் பிரதிகள் விற்றது. ஜிம்மி ஸ்வாகர்ட் என்ற டிவி பிரசங்கியாருக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. கிறிஸ்தவ ராக் ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று 1987-ல் புத்தகமே போட்டார். அவர் ராக் அண்ட் ரோல் முன்னோடி ஜெர்ரி லீ லூயிஸின் ஒன்றுவிட்ட சகோதரர். அடுத்த வருஷம் வேறொரு விவகாரத்தில் டிவி கேமரா முன் அழுது பாவமன்னிப்பு கேட்டார். ராக் குழுக்கள் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தன.

ரெக்கார்டைத் தலைகீழாகச் சுற்றினால் சாத்தான் செய்தி கேட்கும் என்ற பீதி எண்பதுகளில் பரவியபோது பெட்ரா குழு செய்ததுதான் உச்சம். 1982-ல் வந்த 'மோர் பவர் டு யா' ஆல்பத்தில் வேண்டுமென்றே ஒரு தலைகீழ்ச் செய்தியைப் புதைத்தார்கள். ரெக்கார்டைக் கையால் பின்பக்கம் சுழற்றி, காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக் கேட்டவருக்குக் கிடைத்தது இதுதான்: கர்த்தரைத் தேட வேண்டிய நேரத்தில் பிசாசை ஏன் தேடிக்கொண்டிருக்கிறாய் என்ற கேள்வி.

6. எல்லை தாண்டுங்கள், ஆனால் தாண்டியதாகச் சொல்லாதீர்கள்

'ஃப்ளட்' பாட்டால் ஜார்ஸ் ஆஃப் க்ளே கிறிஸ்தவ ரேடியோவிலிருந்து வெளி ரேடியோவுக்குத் தாண்டியது. 'கிஸ் மி' 1999-ல் பில்போர்டில் இரண்டாம் இடம் வரை போய் சிக்ஸ்பென்ஸைத் தாண்ட வைத்தது. சான் டியேகோ கடலலையில் சறுக்கிப் பழகிய ஸ்விட்ச்ஃபுட்டின் 'த பியூட்டிஃபுல் லெட்டவுன்' 2003-ல் வந்து இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. தாண்டிய அடுத்த நிமிடம் மைக்கை நீட்டிக் கேட்பார்கள்: நீங்கள் கிறிஸ்தவக் குழுவா?

மூன்று பதில்கள் உண்டு. 'ஆமாம்' என்றால் ராக் பத்திரிகை அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடும். 'இல்லை' என்றால் என்ன ஆகும் என்பதை 2003-ல் எவனெசென்ஸ் காட்டியது. அந்த முத்திரை வேண்டாம் என்று அவர்கள் பேட்டியில் உதறியதும், 'ஃபாலன்' ஆல்பத்தைக் கிறிஸ்தவக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கச் சொல்லி அவர்கள் கம்பெனியே கேட்டுக்கொண்டது. பாட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நேற்று ஆசீர்வாதமாக இருந்த அதே தட்டு இன்றைக்கு இடறல்.

மூன்றாவது பதில் ஸ்விட்ச்ஃபுட் வழி: விசுவாசம் எங்களுடையது, அதை இசைக்கு லேபிளாக ஒட்டாதீர்கள் என்று நிதானமாக, நீளமாகச் சொல்வது. சொல்லி முடிப்பதற்குள் பேட்டி நேரம் முடிந்துவிடும். இரண்டு எஜமான்களுக்கு ஒருவன் வேலை பார்க்க முடியாது என்று மத்தேயுவில் இருக்கிறது. நாஷ்வில் ஒப்பந்தப் பத்திரத்தில் இரண்டு பேருக்கும் கையெழுத்து இடம் விட்டிருப்பார்கள்.

7. இடைவேளையை வீணாக்காதீர்கள்

மற்ற குழுக்களின் கச்சேரியில் இடைவேளை என்றால் பாப்கார்ன். உங்களுடையதில் பிள்ளைகள். பாதிக் கச்சேரியில் விளக்கு கொஞ்சம் ஏறும். பாடகர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெளிநாட்டில் தான் சந்தித்த ஒரு குழந்தையைப் பற்றிப் பேசுவார். தொண்டர்கள் வரிசை வரிசையாக வந்து புகைப்படம் ஒட்டிய உறைகளை நீட்டுவார்கள். உறைக்குள் ஒரு பெயர், ஒரு பிறந்த தேதி, ஒரு நாடு. மாதாமாதம் இவ்வளவு டாலர் தருவதாக ஒரு படிவம். கம்பாஷன், வேர்ல்ட் விஷன் போன்ற நிறுவனங்களின் ஆதரவில் இப்படி ஓடிய சுற்றுப்பயணங்கள் ஏராளம். கம்பாஷன் தன் உதவியைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு நன்கொடைக் கட்டுப்பாட்டால் 2017-ல் இந்தியாவை விட்டு வெளியேறும் வரை.

இந்த ஒரு விஷயத்தில் கிண்டலைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். அந்தப் பணத்தில் யாரோ ஒரு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டப்பட்டது. ஜார்ஸ் ஆஃப் க்ளே ஆப்பிரிக்காவில் தண்ணீருக்கும் எய்ட்ஸ் சிகிச்சைக்கும் தொடங்கிய பிளட் வாட்டர் அமைப்பு அவர்களுடைய ஹிட் பாட்டைவிட நீண்ட ஆயுளோடு நடக்கிறது.

8. ஆராதனை ஆல்பம் போடுங்கள்

ராக் பாட்டை ரசிகர் ஒரு முறை வாங்குவார். ஆராதனைப் பாட்டை சபை ஞாயிறுதோறும் பாடும். சிசிஎல்ஐ என்ற நிறுவனத்துக்கு சபைகள் தங்கள் கூட்டத்தின் அளவுக்கேற்ப வருஷக் கட்டணம் கட்டி, எந்தப் பாட்டைப் பாடினோம் என்று கணக்கும் கொடுக்கும். எழுதியவருக்கு ராயல்டி போய்ச் சேரும். இந்தக் கணக்கு புரிந்ததும் 2000-ல் தேர்ட் டே 'ஆஃபரிங்ஸ்' போட்டது, 2003-ல் நியூஸ்பாய்ஸ் 'அடோரேஷன்' போட்டது. சுற்றியிருந்தவர்களும் கிட்டாரின் வால்யூமைக் குறைத்துக் கைகளை உயர்த்தினார்கள்.

ஒரே சங்கடம், கணக்கு சபைகளுக்கும் புரிந்துவிட்டது. ஹில்சாங், பெத்தேல், எலிவேஷன் போன்ற பெரிய சபைகள் சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தமாகப் பதிவு செய்து, சொந்த மேடையிலேயே பாட ஆரம்பித்தன. நடுவில் உங்களுக்கு என்ன வேலை? தட்டு விற்கலாம் என்றால் ஃபேமிலி கிறிஸ்டியன் கடைகள் 2017-லும் லைஃப்வே கடைகள் 2019-லும் ஷட்டரை இறக்கிவிட்டன.

9. ஆள் மாறினாலும் பலகையை மாற்றாதீர்கள்

டிசி டாக்கில் மூன்று பேர். குழு ஓய்ந்ததும் டோபி மேக் தனியாகப் பாடப் போனார். மைக்கேல் டெய்ட் 2009-ல் நியூஸ்பாய்ஸுக்குப் பாடகரானார். கெவின் மேக்ஸ் 2012-ல் ஆடியோ அட்ரினலினுக்குப் பாடகரானார். ஒரு கடை மூடியதில் இரண்டு கடைக்கு ஆள் கிடைத்தது.

நியூஸ்பாய்ஸ் 1985-ல் ஆஸ்திரேலியாவின் கடற்கரை ஊரில் பிறந்த குழு. டெய்ட் வந்தபோது அதில் தொடங்கியவர் ஒருவர்கூட இல்லை. அந்த நிலையில்தான் அவர்களுடைய பாட்டின் பெயரையே தலைப்பாக வைத்து, அவர்களையே நடிக்க வைத்து, 2014-ல் 'காட்ஸ் நாட் டெட்' படம் வந்தது. சுமார் இருபது லட்சம் டாலரில் எடுத்த படம் ஆறு கோடிக்கு மேல் வசூலித்தது. கடவுள் சாகவில்லை என்று தியேட்டர்கள் நிரம்பி வழிந்தன. அடுத்த ஆண்டு தொடக்கத்தில், குழுவைத் தொடங்கிய கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் பெர்டிகிஸ் தான் நாத்திகர் என்று பகிரங்கமாக எழுதினார்.

10. எச்சரிக்கை: இதை முயல வேண்டாம்

மேலே சொன்ன எதிலும் சேராத ஒன்று நடந்திருக்கிறது. மெர்சிமி குழுவின் பார்ட் மில்லார்ட், புற்றுநோயில் இறந்த தன் அப்பாவை நினைத்து 'ஐ கேன் ஒன்லி இமாஜின்' எழுதினார். சொந்தக் காசில் போட்ட ஆல்பத்தில் 1999-ல் வந்தது. பரலோகத்துக்குப் போனால் நான் என்ன செய்வேன் என்பதுதான் விஷயம், ஒளிவுமறைவே கிடையாது. சூத்திரப்படி வெளி ரேடியோ தொட்டிருக்கவே கூடாது. 2003-ல் வெளி ரேடியோவும் போட்டது, நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 2018-ல் அதே பெயரில் வந்த படம் எட்டுக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அப்பாவைப் பறிகொடுத்த மகன் எழுதிய பாட்டை வைத்து வழிகாட்டி தயாரிக்க முடியாது. எனவே 3, 4 எண் குறிப்புகளையே பின்பற்றவும்.

11. பிரியாவிடை கொடுங்கள், மறுபடி மறுபடி

1972-ல் தொடங்கிய பெட்ரா 2005-ல் பிரியாவிடைப் பயணம் போனது. பிறகு திரும்பி வந்து ஐம்பதாம் ஆண்டையும் கொண்டாடியது. ஆடியோ அட்ரினலின் 2007-ல் விடைபெற்றது, 2012-ல் திரும்பியது. டிசி டாக் கலைந்ததாகச் சொல்லவே இல்லை. இடைவெளி என்றார்கள், 2017-ல் ரசிகர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாடினார்கள். ஆகவே போஸ்டரில் 'கடைசிக் கச்சேரி' என்று கொட்டை எழுத்தில் தாராளமாகப் போடுங்கள். யாரும் ஏமாற்றியதாகச் சண்டைக்கு வர மாட்டார்கள். நீங்கள் டிக்கெட் விற்பது உயிர்த்தெழுதலை நம்புகிற ஜனங்களிடம்.