மேசை வாளும் 15 ஆம்ஸ் பிளக்கும்

அலமாரிக்குச் சட்டம் அறுக்கவும், நிலையைச் சுற்றி அடிக்கும் பீடிங்கை ஒரே அகலத்தில் கீறி எடுக்கவும் பயன்படும் மேசை வாள் என்பது, வட்டப் பிளேடு மேசையின் நடுவே தலையை நீட்டிச் சுழல, மரத்தை அதை நோக்கித் தள்ளி அறுக்கும் இயந்திரமாகும். கைவாளில் மரம் கிடக்க வாள் நடந்துபோகும். இதில் வாள் நிற்க மரம் நடந்து வரும். இதன் பெரிய வகை மர அறுவை மில்லில் தரையோடு பூட்டப்பட்டிருக்க, வீட்டுக்கென விற்கப்படும் சிறிய வகை 20 முதல் 30 கிலோ வரை எடையுள்ளதாய், ஏறத்தாழ ஓர் அரிசிச் சிப்பத்தின் கனத்தோடு வருகிறது. விற்பனைத் தாள்கள் இதனை 'எடுத்துச் செல்லத்தக்கது' என்று வருணிக்கின்றன. யார் எடுத்துச் செல்வது என்பது மட்டும் தோன்றா எழுவாயாக விடப்பட்டிருக்கிறது.

தேனியிலிருந்து கம்பம் வரை வீட்டு வேலை நடக்கும் இடங்களில் பெரும்பாலும் காணக் கிடைக்கும் மேசை வாள் எந்தக் கடையிலும் வாங்கப்பட்டதன்று. மிச்சமான ப்ளைவுட்டில் ஒரு நீளக் கீறலிட்டு, அதன் அடியில் கைக்கட்டரைத் தலைகீழாகத் திருகி, நேரான ரீப்பர் கட்டை ஒன்றைக் கிளாம்பால் இறுக்கிக் கைடாக்கிவிட்டால், அரை மணி நேரத்தில் ஆசாரிக்கு மேசை வாள் ஆயிற்று. சிக்கனத்திலும் சமயோசிதத்திலும் இதனை விஞ்சிய கருவி இல்லை என்பதை ஒப்புக்கொண்டே ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவிட்ச் பலகைக்கு அடியில், அழுத்தியபடியே பூட்டப்பட்டிருப்பதால், இயந்திரத்தை நிறுத்த 'தம்பி, பிளக்கைப் புடுங்கு' என்று குரல் கொடுக்க வேண்டும். தம்பி டீ வாங்கப் போயிருந்தால் அவன் திரும்பும்வரை அறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எனவே கடையில் வாங்கத் துணிந்த வீட்டுக்காரர், கிணற்று மோட்டாரும் போர் மோட்டாரும் வாங்கிப் பழகிய கம்பம் பள்ளத்தாக்குக்காரராகையால், முதலில் 'எத்தனை ஹெச்.பி.?' என்றே கேட்கிறார். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைத் தோட்டத்துக்கு ஏற்றுபவருக்கு அது தகுந்த கேள்வி, 18 மி.மீ. ப்ளைவுட்டை அறுப்பவருக்கு இவ்வகை வாள்களில் வழக்கமாக உள்ள 1,500 முதல் 1,800 வாட் வரையிலான மோட்டார் தாராளம். கேட்க வேண்டியது கைடைப் பற்றித்தான். மரத்தின் விளிம்பு சாய்ந்து செல்லும் இந்தப் பக்கச்சட்டம் பிளேடுக்கு இணையாக நில்லாவிட்டால் மரம் கருகும், இறுகும், அலமாரிக் கதவு இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல் இடைவெளி விட்டு நிற்கும். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை ஆசாரிகள் 'நூல்' என்பர். பீடிங் வேலையில் அந்த ஒரு நூல் பிசகினாலும் மூலையில் வாய் பிளந்துவிடும் என்பதால், கடைக்கு டேப்போடு சென்று, பிளேடின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் கைடு வரை அளந்து பார்ப்பதே சரி. 'அதெல்லாம் கம்பெனியிலயே கரெக்டா வச்சுருப்பாங்கண்ணே' என்று கடைக்காரர் சொல்வார். அதற்கும் தலையாட்டிவிட்டு அளக்கலாம்.

வழக்கமான 10 அங்குலப் பிளேடு ஏறத்தாழ 3 அங்குல ஆழம் அறுக்கும். நீளவாக்கில் கீற 24 பல் போதும். மைக்கா ஒட்டிய பலகை விளிம்பு சிதறாமலிருக்க 60 பல்லாவது வேண்டும். அறுப்பின் அகலமும் ஏறத்தாழ ஒரு நூல் என்பதால், எட்டு அறுப்புக்கு ஓர் அங்குலம் மரம் தூளாகிப் போகும் கணக்கை முன்கூட்டியே போடாதவர் கடைசித் தட்டைக் குட்டையாகவே பெறுவார். 8 அடிக்கு 4 அடி முழுப் பலகையை இச்சிறு மேசையில் ஏற்றுவது திண்ணையில் கோயில் காளையைக் கட்டுவதற்கு ஒப்பாகும். அதனைக் கடையிலேயே துண்டு போட்டு வாங்குவது உத்தமம்.

இனி மின்சாரம். 1,800 வாட் வாள் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8 ஆம்ஸ் இழுக்குமாகையால், மிக்சிக்கும் செல்போன் சார்ஜருக்கும் உள்ள 5 ஆம்ஸ் பிளக் இதற்கு ஆகாது. வீட்டிலிருக்கும் 15 ஆம்ஸ் பிளக்குகளோ கிரைண்டருக்கும் ஹீட்டருக்கும் எழுதி வைக்கப்பட்டவை; அடுக்களையில் மாவரைக்கும் நேரம் போக எஞ்சியதே தச்சுக்கலைக்கு ஒதுக்கப்படும். மாடிக்கு மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்தால் ஒயர் சூடேறும், மோட்டார் திணறும். மாடியில் வேறொரு சங்கடமும் உண்டு. ஆடி மாதத்தில் கம்பம் கணவாய் வழியே புகுந்து ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, மரத்தூளைப் பக்கத்து வீட்டு வடகத்தின்மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பிளேடுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் சிறு தகடு ஒன்று உண்டு; ஆங்கிலத்தில் 'ரைவிங் நைஃப்' எனப்படுவது. இடைஞ்சல் என்று பலர் முதல் நாளே கழற்றிவிடும் இதுவே இயந்திரத்தின் மிக நல்ல உறுப்பு. மேகமலைத் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் போன்ற மரத்தை ஈரம் காயுமுன் அறுத்தால், அறுபட்ட வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். கவ்விய மரம் தள்ளியவரை நோக்கியே பாயும். அந்த வாய் மூடாமல் தடுப்பது இத்தகடுதான். அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்ற காப்புரிமை வழக்கறிஞர் 1999இல், தோலைத் தொட்டதும் சில மில்லி விநாடிகளில் பிளேடை நிறுத்தும் அமைப்பைக் கண்டறிந்து, விரலுக்குப் பதிலாக இறைச்சிக் குழலை வைத்து அதனைச் செய்து காட்டினார். சாதாரண வாள்களில் அவ்வசதி இல்லை; அவை விரலையும் பீடிங்கையும் வேறுபடுத்தி அறியா.

ஆகவே வாங்குவோர் கைடு நேராகவும் தகடு உறுதியாகவும் உள்ள வாளை, மோட்டார் சற்றுச் சிறியதானாலும், எடுத்துக்கொள்ளலாம். அறுக்கும்போது பிளேடுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று, கையுறை அணியாமல், குறுகிய துண்டுகளைக் கட்டையால் தள்ளுங்கள். சுவிட்சைத் தொடுமுன் தோளில் கிடக்கும் துண்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிடுங்கள்.